கொம்பியூட்டர் ஒன் ஆகும்போது எது தானாகத் திறக்கலாம், எது திறக்கக் கூடாது: கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகள். பதில்கள் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். வித்தியாசம் வருகிற இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறது. ஒரே மாதிரிக் கேள்விகள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

களுவாஞ்சிக்குடி, ஆசிரியை: சேர், லப்டொப்பை ஒன் பண்ணி டெஸ்க்டொப் வந்த பிறகும் நாலைஞ்சு நிமிஷம் சுத்திக்கொண்டே நிக்குது. டாஸ்க் மனேஜர்ல ஸ்டார்ட்அப் பக்கத்தில இருபதுக்கு மேல பெயர் கிடக்கு. எதை நிப்பாட்டலாம்?

பதில்: பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீங்க மிஸ். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி போதும்: நீங்கள் கூப்பிடாமலே அது வேலை செய்ய வேண்டுமா? அன்டிவைரஸ், தமிழ் கீபோர்ட், டச்பேட் மூன்றும் கூப்பிடாமலே ஆயத்தமாக நிற்க வேண்டியவை. ஸூம், டீம்ஸ், ஸ்பொட்டிஃபை, ஐடியூன்ஸ் ஹெல்பர், அடோபி அப்டேட்டர் போன்றவை தேவைப்பட்ட நேரம் திறந்தால் போதும்.

கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், டாஸ்க் மனேஜர் திறக்கும். விண்டோஸ் 10 இல் 'ஸ்டார்ட்அப்' மேலே இருக்கும் (சின்னப் பெட்டியாகத் திறந்தால் கீழே 'மோர் டீடெயில்ஸ்'). 11 இல் இடது பக்கம் 'ஸ்டார்ட்அப் அப்ஸ்'. அங்கே 'ஸ்டார்ட்அப் இம்பெக்ட்' என்ற தலைப்பைக் கிளிக் பண்ணினால் பாரமானவை ஒன்றாகச் சேரும். 'ஹை' என்று வந்தால், தொடக்கத்தில் ஒரு செக்கனுக்கு மேல் புரொசசர் நேரம் எடுத்தது, அல்லது 3 எம்பிக்கு மேல் டிஸ்கில் படித்து எழுதியது என்று அர்த்தம். 'லோ' என்றால் 300 மில்லிசெக்கனுக்கும் 300 கேபிக்கும் குறைவு. அதனால் 'லோ' பத்தை நிறுத்துவதை விட 'ஹை' இரண்டை நிறுத்துவதில்தான் பலன். 'நொட் மெஷர்ட்' என்றால் இன்னும் அளக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

ரைட் கிளிக் பண்ணி 'டிஸேபிள்' கொடுங்கள். சொஃப்ட்வெயார் அழியாது, தானாகத் திறப்பது மட்டும் நிற்கும். அதே இடத்தில் 'எனேபிள்' கொடுத்தால் பழையபடி வரும். ஒரு தடவைக்கு மூன்று நான்கை நிறுத்தி, ரீஸ்டார்ட் பண்ணி, ஒரு நாள் பாவித்துப் பாருங்கள். மொத்தத்தையும் ஒரேயடியாக நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு அடுத்த கேள்வியே சாட்சி.

ஆரையம்பதி, டைப்செட்டிங் கடை: எல்லாத்தையும் டிஸேபிள் பண்ணினன். வேகம் வந்திட்டு. ஆனா தமிழ் அடிக்க ஏலாமக் கிடக்கு. ரெண்டு விரலால பேஜை இழுக்கவும் ஏலாது.

பதில்: தமிழ் அடிக்க உதவும் கீமேன் அல்லது என்எச்எம் ரைட்டர் நின்றிருக்கும். அதை மட்டும் எனேபிள் பண்ணுங்கள். பாமினி எழுத்துருவைத் தெரிவுசெய்து நேரடியாக அடிக்கும்போது எந்த சொஃப்ட்வெயாரும் பின்னால் ஓடத் தேவையில்லை. ஆனால் பாமினி விசைமுறையில் யுனிகோட் அடிக்க வேண்டுமென்றால் கீமேன் மாதிரி ஒன்று ஓடிக்கொண்டிருக்க வேண்டும். தமிழ்99 அல்லது அஞ்சல் முறை பழகியவர்கள் விண்டோஸிலேயே உள்ள தமிழ் கீபோர்டைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு ஸ்டார்ட்அப்பில் இடமே தேவைப்படாது.

இரண்டு விரல் இழுவைக்கு டச்பேட் சொஃப்ட்வெயாரான 'சினப்டிக்ஸ்' அல்லது 'இலான்' என்ற பெயரைத் தேடி எனேபிள் பண்ணுங்கள்.

காத்தான்குடி, புடவைக் கடை: நானா, பில் போடுற சொஃப்ட்வெயார் ஸ்டார்ட்அப்ல இரிக்கி. காலையில தானாத் திறந்து, டேட்டாபேஸோட கனெக்ட் பண்ண ஏலா எண்டு சொல்லும். மூடிட்டு மறுகா திறந்தாச் சரி. ஏன் இப்பிடி?

பதில்: சொஃப்ட்வெயார் முந்திவிடுகிறது, டேட்டாபேஸ் பிந்திவிடுகிறது. பல பில் சொஃப்ட்வெயார்களின் கணக்கு எஸ்கியூஎல் சேர்வர் எக்ஸ்பிரஸ் என்ற டேட்டாபேஸில் இருக்கும். அது ஒரு சேர்விஸ், அதாவது திரையில் தெரியாமல் பின்னால் ஓடுவது. ஸ்டார்ட்அப் பட்டியலில் அது தெரியாது.

முதலில் விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் ரன் பெட்டியில் 'சேர்விசஸ் டொட் எம்எஸ்சி' என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். பட்டியலில் 'எஸ்கியூஎல் சேர்வர்' என்று தொடங்குவதை டபிள் கிளிக் பண்ணி 'ஸ்டார்ட்அப் டைப்' என்ன என்று பாருங்கள். 'ஒட்டோமேட்டிக் டிலேய்ட் ஸ்டார்ட்' என்றிருந்தால் அதுதான் காரணம். அந்த வகை சேர்விஸ்கள் கொம்பியூட்டர் ஒன் ஆகி ஏறத்தாழ இரண்டு நிமிடம் கழித்தே தொடங்கும். வெறும் 'ஒட்டோமேட்டிக்' ஆக மாற்றுங்கள்.

அதற்குப் பிறகும் பிழை வந்தால் பில் சொஃப்ட்வெயாரைத் தாமதிக்க வேண்டும். குறித்த நேரத்தில் சொஃப்ட்வெயாரைத் திறக்க வைக்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து 'கிரியேட் டாஸ்க்' கொடுங்கள். 'கிரியேட் பேசிக் டாஸ்க்' வேண்டாம், அதில் தாமத வசதி இல்லை. 'ட்ரிகர்ஸ்' பக்கத்தில் 'நியூ', பிறகு 'அட் லொக் ஒன்', கீழே 'டிலே டாஸ்க் ஃபோர்' என்பதற்கு டிக் போட்டு 1 நிமிடம். 'அக்ஷன்ஸ்' பக்கத்தில் சொஃப்ட்வெயாரின் பைலைக் காட்டுங்கள்; அதன் கீழுள்ள 'ஸ்டார்ட் இன்' பெட்டியில் அந்தப் பைல் இருக்கும் போல்டரின் பாதையை மேற்கோள் குறி இல்லாமல் போடுங்கள். இதை வெறுமையாக விட்டால் சில சொஃப்ட்வெயார்கள் தங்கள் செட்டிங் பைலைக் காணாமல் வேறொரு பிழை காட்டும்.

இனி, பலர் தவறவிடும் மூன்று இடங்கள். 'ஜெனரல்' பக்கத்தில் 'ரன் ஒன்லி வென் யூசர் இஸ் லொக்ட் ஒன்' தெரிவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சொஃப்ட்வெயார் ஓடும், திரையில் தெரியாது. 'கண்டிஷன்ஸ்' பக்கத்தில், ஏசி பவர் இருந்தால் மட்டும் தொடங்கு என்பதற்கு விண்டோஸே டிக் போட்டு வைத்திருக்கும். கரண்ட் இல்லாத நேரம் லப்டொப் பற்றரியில் பில் போட வேண்டிய கடைக்கு அது சரிவராது, எடுத்துவிடுங்கள். 'செட்டிங்ஸ்' பக்கத்தில் மூன்று நாளுக்கு மேல் ஓடினால் நிறுத்து என்பதையும் எடுங்கள். கடைசியாக, பழைய ஸ்டார்ட்அப் பதிவை டிஸேபிள் பண்ண மறக்க வேண்டாம்; மறந்தால் சொஃப்ட்வெயார் இரண்டு தரம் திறக்கும்.

ஏறாவூர், மாணவி: டொங்கிள் டேட்டா போட்டு ரெண்டு நாள்ல முடியுது. நான் ஒண்டும் டவுன்லோட் பண்றல்ல.

பதில்: நீங்கள் பண்ணவில்லை, வன்டிரைவ் பண்ணியிருக்கலாம். புது லப்டொப்களில் டெஸ்க்டொப், டொக்கியூமென்ட்ஸ், பிக்சர்ஸ் போல்டர்களை அது இணையத்துக்கு ஏற்றத் தொடங்கிவிடும். போனிலிருந்து போட்டோக்களைக் கொப்பி பண்ணினால் அதுவும் டேட்டாவில்தான் போகும். செட்டிங்ஸில் 'நெட்வொர்க் அன்ட் இன்டர்நெட்' போய், நீங்கள் பாவிக்கும் இணைப்பின் விபரங்களில் 'மீட்டர்ட் கனெக்ஷன்' (டேட்டா அளவோடுள்ள இணைப்பு) ஒன் பண்ணுங்கள். வன்டிரைவ் அதைப் பார்த்து இடைநிறுத்தும். விண்டோஸ் அப்டேட்டும் பெரும்பகுதி அடங்கும்.

ஸ்டார்ட்அப்பில் வன்டிரைவை முழுதாக நிறுத்தலாம். ஆனால் உங்கள் அசைன்மென்ட்களுக்கு அதுதான் பெக்கப் என்றால், நிறுத்திய நாளிலிருந்து புதுப் பைல்கள் லப்டொப்பில் மட்டும்தான் இருக்கும்.

வந்தாறுமூலை, பல்கலைக்கழக மாணவன்: அண்ணன், போட்டோகொப்பிக் கடையில பென் டிரைவ் போட்டு எடுத்த பிறகு எல்லாப் பைலும் ஷோட்கட் ஆகிட்டு. அன்டிவைரஸ் அடிச்சன். இப்ப ஒவ்வொரு தரமும் ஒன் ஆகேக்க 'விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்' எண்டு ஒரு பெட்டி வந்து, ஸ்கிரிப்ட் பைலைக் காணல்ல எண்டு சொல்லுது.

பதில்: அன்டிவைரஸ் பைலை அழித்துவிட்டது, அதைக் கூப்பிடும் ஸ்டார்ட்அப் பதிவை அழிக்கவில்லை. பெட்டியால் ஆபத்தில்லை. ஆனால் பதிவை நீக்கத்தான் வேண்டும், வேறு பதிவுகள் ஒளிந்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

இதற்கு டாஸ்க் மனேஜர் போதாது. மைக்ரோசொப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தளத்திலிருந்து தானாகத் தொடங்கும் பதிவுகளை எல்லாம் காட்டும் 'ஒட்டோரன்ஸ்' இறக்குங்கள். இலவசம், இன்ஸ்டோல் பண்ணவும் தேவையில்லை. மார்க் ருசினோவிச், பிரைஸ் கொக்ஸ்வெல் இருவரும் எழுதியது; அவர்களின் நிறுவனத்தை 2006 இல் மைக்ரோசொப்ட் வாங்கியது. ரைட் கிளிக் பண்ணி அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, 'ஒப்ஷன்ஸ்' மெனுவில் மைக்ரோசொப்ட் பதிவுகளை மறைக்கச் சொல்லுங்கள். பட்டியல் பாதிக்கும் கீழே சுருங்கும். மஞ்சள் நிற வரி, கூப்பிடும் பைல் இல்லாத பதிவு. உங்கள் பெட்டிக்குக் காரணம் அநேகமாக அதில் ஒன்றுதான். இளஞ்சிவப்பு வரி, வெளியீட்டாளர் உறுதிப்படாதது. இளஞ்சிவப்பு எல்லாம் வைரஸ் அல்ல. உள்ளூரில் எழுதிய பில் சொஃப்ட்வெயாரும் அப்படித்தான் தெரியும்.

'லொகொன்' பக்கத்தில் 'டபிள்யூஸ்கிரிப்ட்' என்று தொடங்கி, 'அப்டேட்டா' அல்லது 'டெம்ப்' போல்டருக்குள் விபிஎஸ் ஸ்கிரிப்ட் பைல் ஒன்றைச் சுட்டும் வரியைத் தேடுங்கள். முதலில் டிக்கை மட்டும் எடுத்து ரீஸ்டார்ட். பெட்டி வராவிட்டால் வரியை அழிக்கலாம். 'ஷெட்யூல்ட் டாஸ்க்ஸ்' பக்கத்தையும் பாருங்கள், இந்த வகை வைரஸ் அங்கேயும் ஒரு பதிவு வைத்திருக்கலாம்.

கொம்பியூட்டர் சுத்தமான பிறகுதான் பென் டிரைவைச் செருக வேண்டும், மாறிச் செய்தால் எல்லாம் முதலிலிருந்து. பைல்கள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. கொமாண்ட் பிரொம்ப்டில் ஆங்கிலத்தில் இப்படி: அட்ரிப், பிறகு மைனஸ் எச், மைனஸ் ஆர், மைனஸ் எஸ், ஸ்லாஷ் எஸ், ஸ்லாஷ் டி (ஒவ்வொன்றுக்கும் இடையில் இடைவெளி), அதன் பின் பென் டிரைவின் எழுத்து, முக்காற்புள்ளி, பின்சாய்கோடு, நட்சத்திரம், புள்ளி, நட்சத்திரம். போல்டர்கள் திரும்பத் தெரிந்ததும் ஷோட்கட்களை அழியுங்கள். எந்த ஷோட்கட்டையும் திறந்து பார்க்க வேண்டாம்.

சம்மாந்துறை: நிப்பாட்டினது திரும்பத் திரும்ப வருகுது.

பதில்: மூன்று வழியால் வரும். ஒன்று, அந்த அப் தன்னை அப்டேட் பண்ணும்போது பதிவைப் புதிதாகப் போட்டுவிடும். அப்படியானால் அப்பின் சொந்த செட்டிங்ஸில் தானாகத் திறக்கும் தெரிவை எடுக்க வேண்டும். இரண்டு, குரோம்: அதன் 'சிஸ்டம்' செட்டிங்ஸில், மூடிய பிறகும் பின்னணியில் ஓடு என்பதை ஒஃப் பண்ணுங்கள், எட்ஜில் 'ஸ்டார்ட்அப் பூஸ்ட்'. மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை: செட்டிங்ஸில் 'அக்கவுன்ட்ஸ்', 'சைன் இன் ஒப்ஷன்ஸ்' போனால், திறந்திருந்த அப்களை அடுத்த முறை திரும்பத் திற என்ற தெரிவு இருக்கும். அது ஒன் ஆக இருந்தால் ஸ்டார்ட்அப் பட்டியலுக்கு வெளியிலிருந்தே அப்கள் திறக்கும்.

கல்முனை: எல்லாம் நிறுத்தியும் அதே வேகம்தான். விண்டோஸைப் புதுசா அடிக்கட்டா?

பதில்: அதற்கு முன் டாஸ்க் மனேஜரில் 'பெர்ஃபோமன்ஸ்' பக்கத்தைத் திறந்துவைத்து டிஸ்கைப் பாருங்கள். பெயருக்குக் கீழே 'எச்டிடி' என்றும், முதல் ஐந்து நிமிடமும் 100 வீதம் என்றும் நின்றால், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் நோயாளி. ஸ்டார்ட்அப் பட்டியலைக் கழுவித் துடைத்தாலும் பெரிய மாற்றம் வராது. புது விண்டோஸும் சில கிழமைக்குத்தான். சுழலும் பாகம் இல்லாத ஒரு சாட்டா எஸ்எஸ்டி டிஸ்க் போடுவதற்குக் கொடுக்கிற காசு வேறு எந்தச் செலவையும் விடப் பலன் தரும்.

ஏற்கெனவே எஸ்எஸ்டி என்றால் அளந்து பாருங்கள். 'இவென்ட் வியூவர்' திறந்து 'அப்ளிகேஷன்ஸ் அன்ட் சேர்விசஸ் லொக்ஸ்', 'மைக்ரோசொப்ட்', 'விண்டோஸ்', 'டயக்னொஸ்டிக்ஸ் பெர்ஃபோமன்ஸ்', 'ஒப்பரேஷனல்' வரை போனால் 100 என்ற இலக்கமுள்ள பதிவுகள் தொடங்க எடுத்த நேரத்தை மில்லிசெக்கனில் சொல்லும். 101 என்றால் வழமையை விட இழுத்தடித்த அப்பின் பெயர். ஷட் டவுன் பண்ணி ஒன் பண்ணுவதை நம்பி அளக்க வேண்டாம். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இருந்தால் ஷட் டவுன் முழுதாக மூடுவதில்லை, விண்டோஸின் உள்பகுதியை டிஸ்கில் எழுதி வைத்துத் திரும்ப எடுக்கிறது. 'ரீஸ்டார்ட்' மட்டுமே முழுத் தொடக்கம்.

அக்கரைப்பற்று: ரியல்டெக், எப்சன், கெனன் எண்டு இருக்கிறதுகளை நிப்பாட்டினா சத்தமும் பிரிண்டும் போயிருமா? ஐகொன் இல்லாம 'புரோகிராம்' எண்டு மட்டும் ஒண்டு கிடக்கு, அது வைரஸா?

பதில்: சத்தம் வரும், பிரிண்டும் வரும். அந்த வேலை டிரைவருடையது. போவது, ஹெட்போன் செருகியதும் வரும் சின்னப் பெட்டியும் மை குறைகிறது என்ற அறிவிப்பும்தான். 'விண்டோஸ் செக்கியூரிட்டி நொட்டிஃபிகேஷன் ஐகொன்' அதே மாதிரி. நிறுத்தினாலும் டிஃபென்டர் ஓடும், ஐகொன் மட்டும் மறையும். ஆனால் பாதுகாப்பில் கோளாறு வந்தால் சொல்ல ஆளிருக்காது, விட்டுவிடுங்கள்.

'புரோகிராம்' பெரும்பாலும் வைரஸ் அல்ல. நீக்கிய சொஃப்ட்வெயார் ஒன்றின் மிச்சம். பாதையில் மேற்கோள் குறி இல்லாததால் 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்ற போல்டர் பெயர் இடைவெளியில் வெட்டுப்பட்டு நிற்கிறது. தலைப்பு வரியில் ரைட் கிளிக் பண்ணி 'கொமாண்ட் லைன்' நிரலைச் சேர்த்தால் எதன் மிச்சம் என்று தெரியும்.

வாழைச்சேனை: யூடியூபில் சேர்விஸ் நாற்பதை நிறுத்தச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். வைஃபை, பிரிண்டர், அப்டேட் எல்லாம் ஒன்றையொன்று பிடித்து நிற்பவை. ரன் பெட்டியில் 'எம்எஸ்கொன்பிக்' என்று ஆங்கிலத்தில் அடித்துத் திறந்து, 'சேர்விசஸ்' பக்கத்தில் மைக்ரோசொப்டுடையவற்றை மறைக்கும் பெட்டிக்கு டிக் போடுங்கள். மிஞ்சுவதில், தூரத்திலிருந்து கொம்பியூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க், டீம்வியூவர் பாவிப்பதில்லை என்றால் அவற்றை நிறுத்துங்கள். வேகத்துக்காக அல்ல, வெளியாள் நுழையும் வாசல் ஒன்று குறையும்.

பொத்துவில், அறுகம்பே விடுதி: எங்களுக்குத் தலைகீழ் தேவை. காலையில் புக்கிங் பக்கமும் வட்ஸ்அப்பும் தானாகத் திறக்க வேண்டும்.

பதில்: ரன் பெட்டியில் 'ஷெல்', முக்காற்புள்ளி, இடைவெளி இல்லாமல் 'ஸ்டார்ட்அப்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு போல்டர் திறக்கும். பிரவுசரின் ஷோட்கட்டை அதில் போட்டு, பிரவுசர் செட்டிங்ஸில் தொடங்கும்போது திறக்க வேண்டிய பக்கமாக புக்கிங் முகவரியைக் கொடுங்கள். வட்ஸ்அப்பை செட்டிங்ஸின் 'அப்ஸ்', 'ஸ்டார்ட்அப்' பட்டியலில் ஒன் பண்ணலாம். பாஸ்வேர்ட் கேட்காமல் திறக்க வைக்காதீர்கள்; விருந்தாளிகளின் பாஸ்போர்ட் விபரம் அந்த மெஷினில் இருக்கிறது.

திருக்கோவில்: விண்டோஸ் 7 மெஷினுக்கு லினக்ஸ் மின்ட் போட்டேன். அதில் இது எங்கே?

பதில்: விண்டோஸ் 7 க்கான இலவச பாதுகாப்பு அப்டேட்கள் 2020 ஜனவரி 14 உடன் நின்றுவிட்டன, மாறியது நல்லது. மெனுவில் 'ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸ்' என்று தேடுங்கள். சினமன் பதிப்பில் ஒவ்வொன்றுக்கும் எத்தனை செக்கன் தாமதம் என்றும் போடலாம். அப்டேட் மனேஜருக்கு 60 கொடுங்கள். புளூடூத் பாவிக்காவிட்டால் அதை ஒஃப் பண்ணலாம். பெயர் விளங்காததில் கை வைக்க வேண்டாம். டெர்மினலில் 'சிஸ்டம்டி', சிறு கோடு, 'அனலைஸ்', இடைவெளி, 'பிளேம்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் எந்தச் சேர்விஸ் எவ்வளவு நேரம் எடுத்தது என்று இறங்குவரிசையில் காட்டும். அந்த நேரங்களைக் கூட்டிப் பார்த்துப் பயப்படாதீர்கள், பல சேர்விஸ்கள் ஒரே நேரத்தில் ஓடுபவை.