அவன் பலத்தை மறைக்கிறான், அவள் மறந்துவிடுகிறாள்

பெண்களை மையமாக வைத்தே நிறையப் படங்கள் வருகின்றன, இன்னமும் ஹீரோவைக் காட்டுவதற்கும் ஹீரோயினைக் காட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. யார் எத்தனை பேரை அடிக்கிறார்கள் என்று எண்ணினால் அது பிடிபடாது. அடிக்கும் பலம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

'பாட்ஷா'வை (1995) எடுத்துக்கொள்ளுங்கள். தங்கைக்கு மருத்துவக் கல்லூரியில் சீட் கேட்டு ஆட்டோக்காரர் மாணிக்கம் உள்ளே போவார். என்ன பேசினார் என்று நமக்குக் கேட்காது. எதிரில் இருப்பவர் மட்டும் பதறி எழுந்து நிற்பார். அப்புறம் கம்பத்தில் கட்டிவைத்து அடிக்கும்போதும் தியேட்டரில் யாரும் பரிதாபப்படவில்லை, எப்போது திருப்பி அடிப்பார் என்றுதான் காத்திருந்தோம். படம் தொடங்குவதற்கு முன்பே அவரிடம் பலம் இருந்தது, அவராகவே மூடிவைத்திருந்தார். 'ஜெயிலர்', 'லியோ' இரண்டும் 2023-இல் வந்தன. ஒன்றில் ஓய்வுபெற்ற தாத்தா, மற்றதில் காபி கடைக்காரர். அடியில் ஓடுவது அதே மாணிக்கம்தான்.

இப்போது '36 வயதினிலே' (2015). மலையாளத்தில் முந்தைய ஆண்டு வந்த படத்தின் ரீமேக். ஜோதிகா நடித்த வசந்தியும் கல்லூரிக் காலத்தில் துணிச்சலான பெண்தான், அவளிடமும் முன்பே பலம் இருந்தது. ஆனால் மாணிக்கம் மறைத்ததை அவள் மறந்தே போய்விடுகிறாள். குடியரசுத் தலைவர் முன்னால் மயங்கி விழுந்து, ஊரெல்லாம் கேலி செய்து, கணவனும் மகளும் விட்டுவிட்டு வெளிநாட்டுக்குக் கிளம்பி, கடைசியில் பழைய தோழி வந்து நினைவூட்ட வேண்டியிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த படம், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் இந்த வரிசையைக் கவனியுங்கள்: நாயகி முதலில் நன்றாக அவமானப்பட்டாக வேண்டும், அதன் பிறகுதான் நிமிர அனுமதி. நாயகனின் அவமானம் நமக்கு இண்டர்வலுக்கான ஆவலைத் தருகிறது, நாயகியின் அவமானமோ அவள் கட்டவேண்டிய நுழைவுக் கட்டணம்.

அதனால்தான் 'விக்ரம்' (2022) படத்தில் ஏஜென்ட் டீனாவுக்கு அப்படியொரு கைதட்டல் விழுந்தது என்று நினைக்கிறேன். வீட்டு வேலை செய்யும் பெண்ணாக ஓரமாக நின்றவர், ஆட்கள் வீட்டுக்குள் புகுந்ததும் திடீரென்று வேறு ஆளாக மாறுகிறார். இறந்துபோன குழந்தை, ஏமாற்றிய கணவன் என்று எந்த ஃபிளாஷ்பேக்கும் கிடையாது. அவர் ஏஜென்ட், அது அவர் வேலை, அவ்வளவுதான். அதாவது மாணிக்கத்துக்குக் கிடைத்த மரியாதை முழுசாக அவருக்கும் கிடைத்தது. (நடித்தவர் சினிமாவில் நடனப் பயிற்சி தருபவர், பெயரும் வசந்திதான்!) சோகம் என்னவென்றால், சில நிமிடங்களிலேயே அவரைக் கொன்றுவிட்டார்கள்.

விளையாட்டுப் படங்களில் கோச் ஆணாக இருப்பதை எல்லாரும் குறை சொல்வார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. 'சார்பட்டா பரம்பரை' (2021) படத்தின் குத்துச்சண்டை வீரன் கபிலனுக்கும் ரங்கன் வாத்தியார் இருக்கிறார், பிறகு பீடி ராயப்பன் இருக்கிறார். ஆனால் அது கபிலனின் கதை. அவன் சாராயத்தில் விழுந்து கிடப்பதும் எழுவதும்தான் படம். 'பிகில்' (2019) மகளிர் கால்பந்து அணியைப் பற்றியது, தலைப்போ கோச்சின் பட்டப்பெயர். அணியில் ஆடும் பாண்டியம்மாவின் ரோஷத்தைக் கிளப்ப அவள் உடம்பை அந்தக் கோச் கேலி செய்கிறார், அதையும் அவருடைய சாமர்த்தியமாகவே நாம் பார்க்க வேண்டியிருக்கிறது.

சீரியல் பக்கம் வந்தால் எல்லாம் தலைகீழ். அங்கே பெண்தான் மையம், ஆனால் வீரம் என்றால் பொறுமை. திங்கட்கிழமை அவள் திருப்பி அறைந்துவிட்டால் செவ்வாய்க்கிழமை காட்ட என்ன இருக்கிறது? 'எதிர்நீச்சல்' 2022-இல் தொடங்கியபோது வீட்டு மருமகள்களின் கதையாகத்தான் வந்தது. ஊர் முழுக்கப் பிரபலமானதோ, அவர்களை அடக்கி ஆண்ட ஆதி குணசேகரன்! மாரிமுத்து அவ்வளவு பிரமாதமாக நடித்தார் என்பது ஒரு காரணம். வசனமும் அதிகாரமும் நாள்தோறும் அவருக்கு, கண்ணீர் மருமகள்களுக்கு என்று பிரித்துக் கொடுத்தது இன்னொன்று. சீரியல் கணவன்மார்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அம்மாவோ அண்ணனோ வந்தால் வாய் திறக்க மாட்டார்கள்.

விதிவிலக்கு என்றால் 'அறம்' (2017). நயன்தாரா நடித்த கலெக்டர் மதிவதனிக்குக் காதலனும் இல்லை, டூயட்டும் இல்லை. ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தையை மீட்க அந்தக் குழந்தையின் அண்ணனையே கயிற்றில் இறக்கலாமா என்ற முடிவை அவர்தான் எடுக்கிறார், பழியையும் அவரே ஏற்கத் தயாராகிறார். சண்டை போடாமலே அது ஹீரோவின் வேலை.

சமீபத்தில் இந்தக் கணக்கை நேராகப் போட்டது மலையாள 'லோகா' (2025). பெங்களூருவில் இரவு வேலைக்குப் போகும் சாதாரணப் பெண்ணாக வரும் சந்திரா, உண்மையில் கேரள நாட்டுப்புறக் கதைகளில் வரும் யட்சியான கள்ளியங்காட்டு நீலி. பழைய காயம் அவளுக்கும் உண்டு, ஆனால் நாம் சந்திக்கும்போதே அவள் முழு பலத்தோடு, அதை மறைத்துக்கொண்டுதான் இருக்கிறாள். எதிர்வீட்டுப் பையன் சன்னி அவளைப் பார்த்து மயங்குகிறான், பயப்படுகிறான், கூடவே ஓடுகிறான். வழக்கமாக ஹீரோயினுக்குத் தரும் வேலை அது. நஸ்லென் அதைச் சிரித்துக்கொண்டே செய்திருக்கிறார். நம் ஊரில் மார்க்கெட் உள்ள ஹீரோ யாராவது அந்த வேடத்துக்கு ஒப்புக்கொள்வாரா? கதை சொல்லப் போனவரிடம் இண்டர்வல் சண்டை யாருக்கு என்றுதான் முதலில் கேட்பார்.