வளவு மடல் எழுதுவது எப்படி? ஆச்சியிடம் கேளுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பினாங்கு, சிங்கப்பூர், டல்லாஸ் என்று எங்கள் வளவுப் பங்காளிகள், அதாவது ஒரே பூர்வீக வீட்டில் பங்குள்ள நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) குடும்பத்தார், சிதறிக் கிடக்கிறார்கள். அவர்களுக்குப் பருவத்துக்கு ஒரு மடல் எழுதி அனுப்புவது என் வேலை. அதைப் பார்த்துவிட்டு, தங்கள் வளவிலும் தொடங்க நினைப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். மடலைப் பற்றி மட்டும் கேளுங்கள். ஜாதகம், பாகப்பிரிவினை, பலகாரம் எதுவும் வேண்டாம்.

சென்னையிலிருந்து: ஆண்டுக்கு எத்தனை மடல், ஆச்சி? எந்தெந்த மாதம்?

நான்கு. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒன்று என்று நாட்காட்டியைப் பார்த்து எழுதினால் சப்பென்று இருக்கும். செய்தி எப்போது விளைகிறதோ அப்போது எழுதுங்கள்.

ஐப்பசி பிறக்குமுன் ஒன்று. இது முழுக்க வீட்டு மடல். வடகிழக்குப் பருவமழை இறங்குமுன் ஓடு பார்த்தாயிற்றா, முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் வழி அடைத்திருக்கிறதா, மரவேலைக்கு ஆள் கிடைத்தாரா, செலவில் யார் பங்கு எவ்வளவு. சுவையில்லாத மடல்தான். ஆனால் எல்லோரும் கடைசி வரி வரை படிக்கும் மடலும் இதுதான், பணக் கணக்கு இருக்கிறதல்லவா!

தை முடிந்ததும் ஒன்று. இதில்தான் விருந்து. கார்த்திகையில் பையன்களுக்குப் புதுமைச் சடங்கு, மார்கழித் திருவாதிரையில் பெண் பிள்ளைகளுக்குப் புதுமை, பிள்ளையார் நோன்புக்கு யார் யார் எந்த ஊரில் இழை எடுத்தார்கள் (மாவில் வைத்த நூல் திரியை ஏற்றிச் சுடரோடு உண்பது), நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலில் யார் பானை வைத்தார்கள், குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு யார் நடந்தார்கள். ஒரு வரியும் புனைய வேண்டாம், அதுவே நிறைந்துவிடும்.

சித்திரையில் ஒன்று, கோடை விடுமுறைக்கு ஊருக்கு வருபவர்களுக்காக. ஆடியில் ஒன்று. ஆடியில் கல்யாணம் கிடையாது, செய்தி மெலிந்துவிடும். அந்த மடலில் பெரியவர்களிடம் பழைய கதை கேட்டுப் போடுகிறேன்.

சிங்கப்பூரிலிருந்து: வாட்ஸ்அப் குழு இருக்கும்போது மடல் எதற்கு?

போன ஆவணியில் உங்கள் வளவில் பிறந்த குழந்தையின் பெயரைக் குழுவில் தேடி எடுத்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

கோலாலம்பூரிலிருந்து: எங்கள் பங்காளிகளில் சிதம்பரம் மட்டும் ஐந்து பேர். ‘சிதம்பரத்துக்குப் பேரன் பிறந்தான்’ என்று எழுதினால் நான்கு வீட்டுக்குத் தவறாக வாழ்த்துப் போகிறது. என்ன செய்வது?

நல்ல கேள்வி. ஐயா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். அதனால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பிக்கொண்டே இருக்கும். பெரியப்பா மக்கள், சித்தப்பா மக்கள் என்று எல்லோரும் அதே ஐயாவின் பெயரை வைத்தால் ஐந்து என்ன, எட்டுச் சிதம்பரமும் வரலாம்.

இதற்கு வழி நம்மிடமே இருக்கிறது. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கொண்டுவிற்ற, அதாவது வட்டிக்கடை வைத்துத் தொழில் செய்த காலத்தில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு விலாசம் இருந்தது. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளை வரிசையாகக் கோத்த எழுத்துச் சரம். கணக்கேட்டிலும் கடிதத்திலும் அந்த நான்கைந்து எழுத்தைப் பார்த்தாலே எந்த வீட்டு ஆள் என்று தெரிந்துவிடும். மடலில் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் அந்த விலாசத்தை முழுதாகப் போடுங்கள். இன்றைய பிள்ளைகள் ஒற்றை எழுத்தோடு நிற்கிறார்கள், அது போதாது. பெயருக்குப் பின்னால் இன்னார் மகன், இப்போது இருக்கும் ஊர். ‘டல்லாஸ் சிதம்பரம்’ என்று மட்டும் எழுதினால் அவர் அடுத்த ஆண்டு வேலை மாறி வேறு ஊருக்குப் போய்விடுவார்.

இன்னொன்று. தேதி எழுதும்போது ஆங்கில ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். தமிழ் ஆண்டுப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்பும். விசுவாவசு என்பது 1905-06, 1965-66, 2025-26 மூன்றுக்கும் பெயர். பெட்டகத்திலிருந்து ஒரு கடிதம் கிடைக்கிறது என்று வையுங்கள்: ‘விசுவாவசு, ஐப்பசி 12, சிதம்பரம்’. எழுதியது ஐயாவா, பேரனா? பெயரும் அதே, ஆண்டும் அதே. இரங்கூனிலிருந்து வட்டிக் கணக்கு எழுதியிருந்தால் 1905 என்று ஊகிக்கலாம். 1963-64இல் பர்மா அரசு வங்கிகளையும் கடைகளையும் நாட்டுடைமை ஆக்கிவிட்டதால் 1965இல் அங்கே கடை நடத்தியிருக்க முடியாது. ஊர் பெயரும் இல்லையென்றால் காகிதத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நாளைக்கு உங்கள் மடலைப் படிப்பவரை அப்படி உட்கார வைக்காதீர்கள்.

மதுரையிலிருந்து: மடலில் வீட்டுப் படம் போடலாமா? இந்த ஆண்டு யாரும் ஊருக்கு வரவில்லை, வீடு பூட்டித்தான் கிடக்கிறது என்று எழுதிப் படத்தோடு போட நினைக்கிறேன்.

படம் போடலாம். பூட்டிக் கிடக்கிறது என்று எழுதவே கூடாது. மடல் கைமாறும், பங்காளியின் நண்பர் வரை போகும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஒரு மங்குச் சாமானுக்கும் ஒரு மரப் பெட்டிக்கும் என்ன விலை சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் இரண்டாங்கட்டில் என்ன இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்பதை ஊருக்குச் சொல்ல ஒரு மடல் வேண்டுமா?

கோயம்புத்தூரிலிருந்து: இறப்புச் செய்தியை எப்படி எழுதுவது?

மடலுக்காகக் காத்திருக்கக் கூடாது. பங்காளிக்குத் தீட்டு உண்டு. செய்தி தெரியாமல் ஒரு வீட்டில் விசேஷம் நடந்துவிட்டால் அந்த மனத்தாங்கல் நெடுநாள் தீராது. நடந்த அன்றே தொலைபேசியில் சொல்லுங்கள். குழுவில் போட்டுவிட்டேன் என்பது சொன்னதாக ஆகாது, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருவர் பேச வேண்டும். வெளிநாட்டில் இருப்பவருக்கு நடுராத்திரியானாலும் பரவாயில்லை. யார் யாரை அழைப்பது என்று முன்கூட்டியே ஒரு வரிசை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மடலில் வருவது அதற்கப்புறம். அந்தக் காலத்தில் கருமாதிக் கடிதத்துக்குக் கறுப்புக் கரை, படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவார்கள், வீட்டுக்குள் வைப்பதில்லை. கல்யாணக் கடிதத்துக்கு மஞ்சள் தடவுவார்கள். இரண்டையும் ஒரே தாளில் சேர்க்க யாருக்கும் மனம் வராது. ஆகவே மறைந்தவர்களுக்கு நான் தனித்தாள் வைக்கிறேன். அவர் எங்கே பிறந்தார், எந்த ஊர்க் கடையில் இருந்தார், யாருக்கு என்ன செய்தார் என்று அரைப் பக்கம். வேண்டாதவர் அந்தத் தாளை மட்டும் எடுத்துவிடலாம். யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை.

பெங்களூரிலிருந்து: கண்டாங்கிச் சேலை நல்லதாக எங்கே கிடைக்கும், ஆச்சி?

மடல், அப்பா, மடல்.

டல்லாஸிலிருந்து: பிள்ளையார் நோன்பு இங்கே எந்த நாள்? மடலில் போடுவீர்களா?

மார்கழியில் சஷ்டி திதியும் சதய நட்சத்திரமும் கூடும் நாள், பெரிய கார்த்திகையிலிருந்து (திருக்கார்த்திகைத் தீபம்) இருபத்தோராவது நாள். நான் ஊர்த் தேதியையும் நேரத்தையும் மட்டும் போடுவேன். மார்கழியில் உங்களுக்கும் எங்களுக்கும் பதினொன்றரை மணி நேரம் வித்தியாசம், எங்களுக்கு இரவு 7 என்றால் உங்களுக்கு அன்று காலை 7.30. எந்த மாலையில் இழை எடுப்பது என்பதை அங்குள்ள நகரத்தார் சங்கத்திடம் கேளுங்கள்.

தேவகோட்டையிலிருந்து ஓர் அண்ணன்: நீங்கள் அனுப்பிய மாதிரி மடலைப் பார்த்தேன். கட்டிக்கொடுத்த பெண்களின் வீட்டுச் செய்தியும் இருக்கிறது. பெண் கல்யாணத்தோடு வேறு கோயில் புள்ளி ஆகிவிடுகிறாள். பங்காளி மடலில் சம்பந்தபுரத்து (சம்பந்தி வீட்டு) செய்தி எதற்கு?

அண்ணன், புள்ளிக் கணக்கு கோயில் வரிக்கு. கணவன் மனைவி ஒரு புள்ளி, துணையை இழந்தவர் அரைப்புள்ளி. அந்தக் கணக்கை நான் தொடவில்லை. மடல் வரிப்புத்தகம் அல்ல.

பினாங்கிலிருந்து: அண்ணன் சொல்வது சரிதான். பெண்களைச் சேர்த்தால் அவர்கள் மக்கள், மக்கள் மக்கள் என்று மடல் நீண்டுகொண்டே போகும். எங்கே நிறுத்துவது?

மகள், மகளின் பிள்ளைகள். அதோடு நிறுத்துங்கள். மகன் வழியில் மட்டும் நீளாதா என்ன?

மீண்டும் தேவகோட்டை அண்ணன்: முன்னோர் வைத்த முறை ஒன்று இருக்கிறது. முன்னோருக்குப் படைக்கும் படைப்பு வீட்டில் பங்காளிகள்தானே கூடுகிறோம்?

படைப்புக்குப் பங்காளிகள் கூடட்டும். கல்யாணத்துக்கு? இரண்டு வீட்டார் கோயிலிலிருந்தும் மாலை வருகிறது, பெண் பிறந்த வீட்டுக் கோயில் மாலையும் சேர்த்துத்தான். அவள் பிள்ளையின் கல்யாணத்துக்கு வேவு (தாய்மாமன் சீர்) கொண்டுவருவது யார்? அம்மான். அந்த அம்மான் யார்? நீங்கள்தான், அண்ணன்! உங்கள் தங்கை வீட்டில் எந்த மாதம் கல்யாணம் என்று உங்கள் வளவு மடல் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

சென்னையிலிருந்து ஒரு பெண்: ஆச்சி, எங்கள் வளவு மடலில் என் தம்பி கார் வாங்கியது வந்தது. நான் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றது வரவில்லை. கேட்டால் ‘உன் மாமனார் வீட்டு மடலில் வரும்’ என்கிறார்கள். அங்கே மடலே இல்லை.

அண்ணன், படித்தீர்களா?

லண்டனிலிருந்து: இரண்டு வளவு மடலிலும் ஒரே செய்தி வந்தால் தவறா?

வரட்டுமே. இரண்டு வீட்டுப் பெண் அவள்.

தேவகோட்டை அண்ணன்: யோசிக்கிறேன்.

யோசியுங்கள். அதற்குள் மற்றவர்களைக் கவனிக்கிறேன்.

மெல்பர்னிலிருந்து: என் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. பேசினால் புரியும்.

மடலை யாராவது பெரியவர் வாசித்துக் குரல் பதிவாக அனுப்புங்கள். எங்கள் வளவில் ஓர் அயித்தை வாசிக்கிறார். நடுவில் ‘இது உனக்குத் தெரியாது, கேள்’ என்று மடலில் இல்லாத கதையையும் சேர்த்துவிடுவார். பிள்ளைகள் அதற்காகவே கேட்கிறார்கள். மடலைத் தமிழிலேயே வையுங்கள்.

திருச்சியிலிருந்து: ஆண்டுக்கு எத்தனை மடல் அனுப்ப வேண்டும்?

முதல் பதில்.

சேலத்திலிருந்து: மாதம் ஒரு மடல் போடலாமா?

முதல் பதில்.

ஹூஸ்டனிலிருந்து: நோயில் இருப்பவர் செய்தியை எழுதலாமா?

அவரைக் கேட்டு, அவர் சொன்ன சொல்லில் மட்டும். வேண்டாம் என்றால் ‘நலமாக இருக்கிறார்’ என்றும் எழுதாதீர்கள், பொய்யாகிவிடும். பெயரை அந்தப் பருவத்துக்கு விட்டுவிடுங்கள். பெண் பார்க்கும் செய்தியும் அப்படித்தான், உறுதியாகுமுன் எழுத்தில் வரக்கூடாது.

புதுக்கோட்டையிலிருந்து: எல்லோரும் பழனி நடைக்குப் போகிறோம், பத்து நாள் வீட்டில் ஆள் இருக்காது என்று முன்கூட்டியே எழுதிவிட்டால் யாரும் வீணாக வந்து திரும்ப மாட்டார்களே?

திருடன் வீணாக வந்து திரும்ப மாட்டான். மதுரைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். நடந்துவிட்டு வந்தபின் எழுதுங்கள்.

சென்னையிலிருந்து: யார் பிள்ளைக்கு எவ்வளவு சம்பளம் என்பதெல்லாம்…

கூடாது. வேலை, ஊர் போதும்.

தேவகோட்டை அண்ணன்: சரி, தங்கச்சி. மகள்கள் செய்தியும் போடுகிறோம். எந்த இடத்தில்? மகன்கள் எல்லாம் முடிந்தபின் கடைசிப் பக்கத்தில் தனியாகவா?

பிறந்த வரிசையில், அண்ணன்.