மாத்திரைக் கவரில் 'காலை' என்றால் எத்தனை மணி?

கேள்வி: அம்மா பீடி சுற்றுகிறார். சர்க்கரை, தைராய்டு இரண்டும் உண்டு. மருந்துக் கடையில் 'காலை 1, இரவு 1' என்று கவரில் எழுதித் தந்தார்கள். எழுந்ததும் காபியோடு எல்லாவற்றையும் முழுங்கிவிடுவார். சாப்பிடப் பதினொரு மணி ஆகும். பத்து மணிக்கெல்லாம் கை நடுங்கி வியர்க்கிறது. போலி மருந்தா? (வாசகி, முக்கூடல்)

பதில்: மருந்து நல்லதாகவே இருக்கலாம். போடுகிற நேரம்தான் கோளாறு. நடுக்கமும் வியர்வையும் சர்க்கரை தாழ்வதன் அடையாளம். அந்த நேரத்தில் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையைக் காலைச் சாப்பாட்டோடு போட வேண்டும். போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கத்தான் செய்யும். தைராய்டு மாத்திரைக்கு வெறும் வயிறு, வெறும் தண்ணீர். காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் அதற்கும் இதற்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும்.

'அம்மா எத்தனை மணிக்குச் சாப்பிடுவாங்க?' என்று அந்தக் கடையில் ஒருவர் கேட்டிருந்தால் போதும். எனக்குத் தீராத ஆத்திரம் இதில்தான். நோயாளிக்கு விளக்கிச் சொல்வது மருந்தாளுநரின் கடமை என்று 2015-இல் வந்த மருந்தாளுநர் விதிமுறைகளே சொல்கின்றன. பல கடைகளில் நடப்பது என்ன? பையன் சீட்டை வாங்குகிறான், அட்டையை வெட்டுகிறான், 'அடுத்து யாரு?' என்கிறான். பீடித் தட்டோடு உட்காரும் அம்மாவுக்கும் வயல் வேலைக்குப் போகிறவருக்கும் ஆபீஸ் போகிறவருக்கும் ஒரே 'காலை'யா? மருந்தாளுநரைக் கூப்பிடச் சொல்லுங்கள். வீட்டில் சாப்பிடும் நேரத்தைச் சொல்லி, ஒவ்வொரு அட்டையின் மேலும் எதற்கு, எத்தனை மணிக்கு என்று தமிழில் எழுதி வாங்குங்கள். கொடுத்த காசில் அதுவும் சேர்த்திதான்.

கேள்வி: பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கு ஒத்துப்போன பிரஷர் மாத்திரையை நானும் வாங்கிப் போடுகிறேன். சரிதானே? (களக்காடு)

பதில்: இல்லை. அவர் சிறுநீரகம் வேறு, உங்களுடையது வேறு. டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: நாலு மாத்திரை வெட்டித் தந்தார்கள். காலாவதித் தேதி இல்லை. (மேலப்பாளையம்)

பதில்: வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டாமா? முழு அட்டையையும் காட்டச் சொல்லி, பேட்ச் எண்ணும் தேதியும் போட்ட பில் கேளுங்கள். தராத கடையில் வாங்காதீர்கள்.

கேள்வி: சர்க்கரை பார்க்கும் மெஷின் ஆன்லைனில் பாதி விலை. வாங்கலாமா? (பாளையங்கோட்டை)

பதில்: முதலில் ரத்தச் சொட்டு வைக்கும் ஸ்ட்ரிப் விலையைப் பாருங்கள். நான் மலிவாக வாங்கிய மெஷினுக்கு ஊரில் எங்கேயும் ஸ்ட்ரிப் இல்லை. அலமாரியில்தான் கிடக்கிறது.

கேள்வி: டாக்டர் எழுதியது இல்லையென்று வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தார்கள். இரண்டும் ஒரே மருந்து என்று யாரும் சொல்லவில்லை. அப்பா பழையதையும் சேர்த்துப் போட்டு மயங்கி விழுந்தார். பில்லும் தரவில்லை. (வள்ளியூர்)

பதில்: அப்பா மேல் தப்பே இல்லை, அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். டாக்டரைக் கேட்காமல் மாற்றியது கடையின் தவறு, சொல்லாமல் கொடுத்தது அதைவிடப் பெரிய தவறு. இரண்டு அட்டைகளையும் சீட்டையும் பத்திரமாக வையுங்கள். மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கும் போன் செய்யலாம். நஷ்ட ஈடு கேட்க மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, பொருளுக்குக் கொடுத்த காசு 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இனி அட்டையில் கம்பெனிப் பெயரோடு அச்சாகியிருக்கும் மருந்தின் பெயரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அது ஒன்றாக இருந்தால் இரண்டில் ஒன்றுதான் வயிற்றுக்குள் போக வேண்டும்.