பாஸ்போர்ட் கட்டணம்: கேளுங்கள், சொல்கிறேன்

பாஸ்போர்ட் வழங்கும் பிரிவில் பல வருஷம் குப்பை கொட்டியவன் நான். எவ்வளவு கட்டணம் என்று மட்டும் கேட்காதீர்கள், அது நாட்டுக்கு நாடு மாறும். எதற்காக வாங்குகிறார்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: கையடக்கமான ஒரு புத்தகம். இதற்கு இவ்வளவு கட்டணமா சார்?

பதில்: புத்தகத்துக்குக் கொடுப்பதாக நினைத்தால் வயிறு எரியத்தான் செய்யும். தாள், சிப், லேசரில் பொறிக்கிற வேலை எல்லாம் செலவில் ஒரு பகுதிதான். நீங்கள் நீங்கள்தானா என்று பார்க்கத்தான் ஆள் வேண்டும். பிறப்புச் சான்றைப் பதிவேட்டோடு ஒப்பிட, வேறு பெயரில் ஏற்கெனவே வாங்கியிருக்கிறீர்களா என்று தேட, சந்தேகம் வந்தால் விசாரிக்க. வெளிநாட்டில் பாஸ்போர்ட் வழங்கும் தூதரகத்தில் நாளைக்கு நாலு பேர் வந்தாலும் கவுண்டரைத் திறந்துதான் வைக்க வேண்டும்.

சர்வதேச விமானப் போக்குவரத்துக்காக நாடுகள் செய்துகொண்ட சிகாகோ உடன்படிக்கையின் 9-ஆம் இணைப்பு, பாஸ்போர்ட் கட்டணம் அதை வழங்க ஆகும் செலவைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆனால் அது பரிந்துரைதான். எவ்வளவு தூரம் மதிப்பது என்பது அந்தந்த நிதியமைச்சகத்தின் மனசு.

கேள்வி: விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள், பணமும் போச்சு. நியாயமா?

பதில்: சரிபார்த்த பிறகுதானே நிராகரித்தார்கள்? அந்த வேலைக்கான காசு அது. ஆனால் போட்டோ சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டு மறுபடியும் முழுக் கட்டணம் கேட்டால், அது அடாவடிதான்.

கேள்வி: பெயரில் ஒரே ஒரு எழுத்துப் பிழை. அடித்துத் திருத்திக் கொடுத்தால் என்ன?

பதில்: முடியாதும்மா. படம் இருக்கும் பக்கத்தின் அடியில், வரிக்கு 44 எழுத்தாக இரண்டு வரி இருக்கும். இயந்திரம் படிப்பது அதைத்தான். சிப்பில் இருக்கும் தகவலுக்கோ டிஜிட்டல் கையொப்பம் போட்டிருக்கும். ஒரு எழுத்து மாறினாலும் கையொப்பம் பொருந்தாது, கொடுத்த அரசே மாற்றினாலும்தான். புதுப் புத்தகம்தான் வழி. பிழை அவர்களுடையது என்றால் கட்டணம் கேட்கக் கூடாது. விண்ணப்பத்தின் நகலை எடுத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: தொலைந்தது என்று புகார் கொடுத்தேன். இப்போது பீரோவில் கிடைத்துவிட்டது. பயணம் போகலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. அந்த எண் ரத்தாகியிருக்கும். இன்டர்போல் 2002-இல் தொடங்கிய தொலைந்த, திருடுபோன ஆவணப் பட்டியலுக்கும் போயிருக்கலாம். விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டால் டிக்கெட் காசும் போகும். கிடைத்ததை ஒப்படைத்துவிடுங்கள்.

கேள்வி: என் சின்ன வயதில் அம்மா பாஸ்போர்ட்டிலேயே என் பெயரையும் எழுதினார்கள். இப்போது கைக்குழந்தைக்கும் ஏன் தனியாக?

பதில்: ஒரு சிப்பில் ஒரு முகம்தான். அதனால் ஆளுக்கு ஒரு புத்தகம். குழந்தையின் முகம் சீக்கிரம் மாறிவிடும், அதனால்தான் பல நாடுகளில் அதற்கு ஆயுளும் குறைவு.