மாடல் ரயிலில் லூப் பாயின்டைத் திருப்பியதும் கன்ட்ரோலர் ட்ரிப் ஆவது ஏன்?

கேள்வி: ஓஓ அளவு மாடல் ரயிலுக்கு நீள்வட்டப் பாதை ஒன்று போட்டிருக்கிறேன். உள்பக்கமாக ஒரு ஸ்டேஷன் லூப் (மெயின் பாதையிலிருந்து பிரிந்து மீண்டும் அதிலேயே சேரும் கிளைப் பாதை). அதன் இரு முனையிலும் பெக்கோ கம்பெனியின் கோடு 75 எலக்ட்ரோஃப்ராக் வகைப் பாயின்ட்கள் (வண்டியை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் அமைப்புகள்). ஓட்டுவது டிசிசியில் (டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறை). இரண்டு பாயின்டும் மெயினுக்கு இருக்கும்போது வண்டி நன்றாக ஓடுகிறது. ஒன்றை மட்டும் லூப்புக்குத் திருப்பினால், பாதையில் வண்டியே இல்லாவிட்டாலும் கன்ட்ரோலர் ட்ரிப் ஆகி மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறது. பாயின்ட் பழுதா? இன்னொரு வகையான இன்சுல்ஃப்ராக் பாயின்ட் வாங்கிவிடலாமா?

பதில்: எதையும் வாங்க வேண்டாம், பாயின்ட் நன்றாகத்தான் இருக்கிறது. பிரச்சினை அதைத் தாண்டி நீங்கள் போட்டிருக்கும் உலோக ஜாயினர்களில் (தண்டவாளத் துண்டுகளை ஒன்றோடொன்று இணைக்கும் உறைகளில்).

கன்ட்ரோலரின் இரண்டு முனைகளில் ஒன்று சிவப்பு, மற்றது கறுப்பு; நீள்வட்டத்தின் வெளித் தண்டவாளம் சிவப்போடும் உள் தண்டவாளம் கறுப்போடும் சேர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மெயினின் உள் தண்டவாளமும் லூப்பின் வெளித் தண்டவாளமும் ஒன்றையொன்று வெட்டும் இடம்தான் ஃப்ராக். முன்னது கறுப்பு, பின்னது சிவப்பு. எலக்ட்ரோஃப்ராக்கில் அந்த இடம் முழுக்க உலோகம் என்பதால் ஒரு நேரத்தில் ஒரு நிறமாகத்தான் இருக்க முடியும். பாயின்ட் மெயினுக்கு இருந்தால் கறுப்பு, லூப்புக்குத் திருப்பினால் சிவப்பு. ஃப்ராக்கோடு சேர்ந்த இரண்டு தண்டவாளங்களும் கூடவே நிறம் மாறும்.

இப்போது உங்கள் லூப்பைப் பாருங்கள். இந்த முனையின் ஃப்ராக் சிவப்பு, அந்த முனையின் ஃப்ராக் கறுப்பு. இரண்டையும் நடுவில் உள்ள இரண்டு தண்டவாளங்கள் நேராக இணைக்கின்றன. ஷார்ட் ஆகாமல் என்ன செய்யும்? இரண்டு பாயின்டும் ஒரே பக்கம் இருக்கும்போது நிறம் ஒத்துப்போவதால்தான் தப்பித்துக்கொண்டிருந்தீர்கள்.

ஒவ்வொரு பாயின்டிலும் ஃப்ராக்கிலிருந்து வெளியேறும் அந்த இரண்டு தண்டவாளங்களுக்கு மட்டும் உலோக ஜாயினரை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் ஜாயினர் போடுங்கள். மொத்தம் 4 போதும். மற்ற தண்டவாளங்களைத் தொட வேண்டாம். அப்புறம் நடுவே தனித்துப்போன இரண்டுக்கும் ஃபீடர் வயர் (கன்ட்ரோலரிலிருந்து மின்சாரம் கொண்டுவரும் வயர்) கொடுங்கள்: மெயினின் உள் தண்டவாளத்துக்குக் கறுப்பு, லூப்பின் வெளித் தண்டவாளத்துக்குச் சிவப்பு. பிளாஸ்டிக் ஜாயினர் பக்கத்தில் சால்டரிங் அயர்னைக் கொண்டுபோனால் உருகிவிடும். ஃபீடரை முதலில் சால்டர் செய்துவிட்டு ஜாயினரைக் கடைசியில் செருகுங்கள். ஜாயினருக்குப் பதிலாகத் தண்டவாளத்தையே அறுத்து இடைவெளி விடுவதாக இருந்தால், அதில் ஒரு துண்டு பிளாஸ்டிக்கை ஒட்டி அடைத்துவிடுங்கள். வெயில் காலத்தில் உலோகம் நீண்டு இடைவெளி மூடிக்கொள்ளும். மே மாதத்தில் திடீரென்று வரும் ஷார்ட்டுக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

இவ்வளவு செய்தாலே வண்டி ஓடும். ஆனால் ஃப்ராக்குக்கு மின்சாரம் வருவது பிளேடின் (பாயின்டைத் திருப்பும்போது நகரும் தண்டவாளத் துண்டின்) நுனி பக்கத்துத் தண்டவாளத்தைத் தொடுவதால் மட்டுமே. நாளாக ஆக அங்கே அழுக்கு சேரும், எஞ்சின் திணறும். இன்னொரு தொல்லையும் உண்டு. விலகி நிற்கும் பிளேடு, பக்கத்தில் உள்ள தண்டவாளத்துக்கு எதிர் நிறம். சக்கரத்தின் முதுகு (உள்பக்கம்) அதை உரசினால் கண நேர ஷார்ட் ஆகும். பழைய டிசி கன்ட்ரோலர் அதைக் கண்டுகொள்ளாது, டிசிசி உடனே ட்ரிப் ஆகிவிடும். ஒரே ஒரு வண்டி மட்டும் இப்படித் தொந்தரவு செய்தால் முதலில் அதன் இரு சக்கர முதுகுகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். ஓஓவில் 14.5 மி.மீ. அளவில் இருக்க வேண்டும், குறைந்தால் உரசும்.

நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் பாயின்டைப் பலகையில் பதிக்கும் முன்பே புரட்டிப் பாருங்கள். பிளேடுகளையும் ஃப்ராக்கையும் இணைக்கும் இரண்டு சின்னக் கம்பிகள் அடியில் தெரியும். அவற்றை வெட்டிவிட்டு, ஒவ்வொரு பிளேடையும் அதன் பக்கத்து வெளித் தண்டவாளத்தோடு வயரால் சேர்த்துவிடுங்கள். இனி சக்கர முதுகு பிளேடை உரசினாலும் இரண்டும் ஒரே நிறம், ஒன்றும் ஆகாது. தனித்துப்போன ஃப்ராக்குக்குப் பாயின்ட் மோட்டாரின் சுவிட்ச் வழியாக மின்சாரம் வர வேண்டும். சுவிட்சின் நடு முனை ஃப்ராக்குக்கு, ஓர முனைகளில் ஒன்று சிவப்புக்கு, மற்றது கறுப்புக்கு. டார்ட்டாய்ஸ் என்ற பாயின்ட் மோட்டாரில் இந்தச் சுவிட்ச் உள்ளேயே இருக்கிறது. வண்டி ஃப்ராக்கில் ஏறியதும் ட்ரிப் ஆனால் ஓர முனை வயர்களை இடம் மாற்றிப் போடுங்கள், அவ்வளவுதான். கம்பிகளை வெட்டாமல் சுவிட்ச் மட்டும் போடுவது எனக்கு உடன்பாடில்லை. மெதுவாக நகரும் மோட்டாரில், பிளேடு பழைய பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதே சுவிட்ச் மாறிவிடலாம். அப்போது மோட்டாரே ஷார்ட் ஏற்படுத்துகிறது. கையால் திருப்பும் பாயின்டாக இருந்தால் ஃப்ராக் ஜூஸர் என்ற சின்ன சர்க்யூட் இருக்கிறது. ஷார்ட்டை உணர்ந்து தானே நிறம் மாற்றும். டிசிசிக்கு மட்டும்தான்.

இன்சுல்ஃப்ராக் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதில் ஃப்ராக் பிளாஸ்டிக், அதனால் இந்த ஜாயினர் வேலை இல்லை. ஆனால் குட்டி ஷன்டிங் எஞ்சின்கள் மெதுவாகப் போகும்போது அதன் மேல் நின்றுவிடும். ஃப்ராக் நுனியில் எதிர் நிறத் தண்டவாளங்கள் மிக நெருங்கி இருப்பதால் அகலமான சக்கரம் இரண்டையும் ஒருசேரத் தொட்டு ஷார்ட் ஆவதும் உண்டு. அந்த இடத்தில் நெயில் பாலிஷ் தடவுவார்கள். கொஞ்ச நாள் தாங்கும். கையில் எலக்ட்ரோஃப்ராக் இருக்கும்போது அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பிற்காலத்தில் இரண்டாவது நீள்வட்டம் போட்டு இரண்டையும் கிராஸ்ஓவரால் (இரண்டு பாயின்ட்கள் சேர்ந்த குறுக்குப் பாதையால்) இணைத்தால், நடுவில் இரண்டு தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் ஜாயினர் வேண்டும். அங்கே ஒரு பாயின்டின் ஃப்ராக் மற்றதன் வெளித் தண்டவாளத்தோடு நேராகச் சேரும். வண்டியைத் திருப்பி அனுப்பும் ரிவர்ஸ் லூப் வேறு கதை. அதன் இரு முனையிலும் இரண்டு தண்டவாளங்களையும் வெட்டி, உள்ளே நிறத்தைத் தானாக மாற்றும் ஆட்டோ ரிவர்ஸர் வைக்க வேண்டும். வெட்டிய பகுதி உங்கள் மிக நீளமான வண்டியைவிட நீளமாக இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் ஃபீடர்களை அப்படியே விட்டு, கன்ட்ரோலரை மட்டும் கழற்றி, மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, பாயின்ட்களை நான்கு விதமாகவும் திருப்பி, இரு தண்டவாளங்களுக்கும் இடையே சத்தம் வருகிறதா என்று பாருங்கள். எதிலும் வரக் கூடாது. பிறகு மின்சாரம் கொடுத்து, பாதையின் தூரமான இடத்தில் தண்டவாளங்களுக்குக் குறுக்கே ஒரு நாணயத்தை வையுங்கள். கன்ட்ரோலர் உடனே ட்ரிப் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் ஃபீடர் போதவில்லை, அல்லது வயர் மெல்லியது. அதைச் சரிசெய்யாமல் எஞ்சினை ஏற்றாதீர்கள்.