பித்தளை டப்பியில் தங்கப்பொடி

அன்புள்ள ஐயா,

லண்டனில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு மியூசியத்தில் தீப்பெட்டி அளவே இருந்த பித்தளை டப்பி ஒன்றைப் பார்த்தேன். அம்மாவின் சுண்ணாம்பு டப்பி ஞாபகம் வந்தது. கானா நாட்டு அசாந்தி மக்கள் தங்கப்பொடி வைத்திருந்த டப்பி என்று எழுதியிருந்தார்கள். தங்கத்தைப் போய் யாராவது பித்தளையில் வைப்பார்களா? பூட்டுகூட இல்லையே?

தி., மதுரை

அன்புள்ள தி.,

நமக்குத் தங்கம் உசத்தி, பித்தளை மட்டம். அங்கே தங்கம் சொந்த மண்ணில் கிடைத்தது; ஆற்று மணலை அரித்தும் குழி தோண்டியும் எடுத்தார்கள். பித்தளைதான் வெளியூர்ச் சரக்கு. முதலில் சகாராவைத் தாண்டி வந்தது. 1471-இல் போர்த்துகீசியர் அந்தக் கரைக்கு வந்த பிறகு வளையங்களாகவும் பாத்திரங்களாகவும் கப்பலில் வந்து இறங்கியது. தங்கத்தைக் கொடுத்து வாங்கிய உலோகம் அது.

அதோடு, அங்கே தங்கப்பொடிதான் காசு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிவரை சந்தையில் சாமான் வாங்கவும் அபராதம் கட்டவும் பொடியை நிறுத்துத்தான் கொடுத்தார்கள். நீங்கள் பார்த்தது ஒருவருடைய பர்ஸ்.

அடுத்த முறை போனால் மூடியைக் குனிந்து பாருங்கள். சுருள் சுருளாகக் கோடுகள் இருக்கும். அவை உலோகத்தில் செதுக்கியவை அல்ல. தேன்மெழுகை நூல் மாதிரி உருட்டி, மெழுகு டப்பியின் மேல் ஒவ்வொன்றாகச் சுற்றி ஒட்டுவார்கள். அதன்மேல் கரித்தூள் கலந்த களிமண்ணைப் பூசிக் காயவைத்து, சூட்டில் மெழுகை வெளியேற்றி, பித்தளையை உருக்கி ஊற்றுவார்கள். மண்ணை உடைத்தால்தான் டப்பி கிடைக்கும். அதனால் அச்சு அசலாக இன்னொன்று பிறக்க வழியே இல்லை. அந்த மெழுகு நூலை உருட்டிய விரல்களை நினைத்தால் எனக்கு இன்னமும் சிலிர்க்கிறது.

டப்பி தனியாக இருந்ததில்லை. கையில் பிடிக்கும் சின்னத் தராசு, பொடி அள்ளும் பித்தளைக் கரண்டி, தூசியை ஊதி விலக்க ஒரு தட்டு, பறவை, மீன், நிலக்கடலை வடிவங்களில் வார்த்த எடைக்கற்கள் எல்லாம் ஒரே மூட்டை. மிகச் சிறிய எடைக்கு விதைகள். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தக் கரையில் இருந்த டச்சு வணிகர் வில்லெம் போஸ்மன், கரும்புள்ளி உள்ள சிவப்பு விதைகளை அங்கே எடைக்கு வைத்ததாக எழுதியிருக்கிறார். வேறென்ன, குன்றிமணிதான்! நம் பொற்கொல்லர்கள் நிறுத்த அதே விதை.

விற்பவர் தன் கற்களால் நிறுப்பார். வாங்குபவர் நம்பிவிட மாட்டார். தன் கற்களால் மறுபடி நிறுப்பார். பித்தளைத் தூள் கலந்திருக்கிறதா என்று வேறு பார்க்க வேண்டும். ஒரு சின்ன வியாபாரத்துக்கே எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்!

சரி, பூட்டு. கைக்கு அடக்கமான டப்பிக்குப் பூட்டு என்னத்துக்கு? திருடுபவன் டப்பியோடு கொண்டுபோய்விடுவான். மூடி இறுக்கமாக உட்கார்ந்து பொடி சிந்தாமல் இருந்தால் போதும்.

ஆனால் 'குடுவோ' என்று பெரிய பித்தளைக் கலயங்கள் உண்டு. அவற்றில் சிலவற்றுக்குக் கொண்டி வைத்த மூடி இருக்கும். செல்வந்தர்கள் தங்கப்பொடியும் மணிகளும் அதில் வைத்திருந்தார்கள். தங்கள் 'க்ரா'வுக்கு, அதாவது ஆன்மாவுக்கு, படையல் வைத்ததும் அதில்தான். உரியவர் இறந்தால் சில சமயம் கலயத்தையும் அவரோடு புதைத்தார்கள்.