மின்சாரம் போன பிறகும் தண்ணீர் கிடைக்குமா?

கேள்வி: வேளச்சேரியில் குடியிருக்கிறோம். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் மின்சாரமும் குடிநீரும் இல்லாமல் மாடியில் நாள் கணக்கில் கிடந்தோம். இனி எதற்கும் யாரையும் எதிர்பார்க்காமல் வாழ வேண்டும் என்று புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம் பக்கம் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு பார்த்திருக்கிறோம். 700 அடி போர்வெல்லில் தண்ணீர் கொட்டுகிறது. நான், கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள். அந்த மாவட்டம் எங்களுக்கு ஏற்றதா?
- ஒரு வாசகி, சென்னை

பதில்: அன்புச் சகோதரி, இரண்டு முறை வெள்ளத்தில் தவித்தவர் கேட்கும் கேள்வி இது. உங்கள் பயம் நியாயமானது. ஆனால் நீங்கள் பெருமையாக எழுதியிருக்கும் அந்த 700 அடிதான் எனக்குக் கவலை தருகிறது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. கீரமங்கலம் கடலோர ஊர் இல்லை. ஆனாலும் ஆலங்குடி வட்டாரம் முழுக்கத் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசையாக விழுந்து, பல கிராமங்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. புயலுக்குப் பிந்தைய வாரம் அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் நான் இருந்தேன். டிராக்டரில் ஒரு ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு போர்வெல் போர்வெல்லாகப் போனார்கள். அது வரும் நேரம் தெரியாமல் குடங்கள் தெருவில் வரிசையாகக் காத்திருந்தன. ஒரு குடத்தின் கழுத்தில், யாருடையது என்று தெரிவதற்காகச் சிவப்புத் துணிக்கிழிசல் கட்டியிருந்தது. காலையில் பார்த்த இடத்திலேயே சாயங்காலமும் அந்தக் குடம் காலியாக இருந்தது. அவர்கள் காலுக்குக் கீழே தண்ணீர் இல்லாமல் இல்லை. எடுக்கத்தான் வழியில்லை.

கமலை கட்டி, அதாவது மாடு பூட்டி, நீர் இறைத்த கிணறுகள் நிறைந்த பூமி அது. இன்று பெரும்பாலானவை வறண்டுவிட்டன. போர்வெல்கள் 500 அடி, 700 அடி, சில இடங்களில் 1000 அடி வரை போய்விட்டன. நாம் ஊருக்கு ஊர் பார்க்கும் சாதாரண அடிபம்பு ஏறக்குறைய 150 அடி ஆழத்திலிருந்துதான் தண்ணீர் தூக்கும். அதற்குக் கீழே நீர் போய்விட்டால் மோட்டார் வேண்டும், மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும். வேளச்சேரியில் எதற்காகத் தவித்தீர்களோ, அதே கயிற்றில் இங்கேயும் உங்கள் குடம் தொங்கும்.

அதனால் தரகரிடம் போர்வெல் எத்தனை அடி என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். கோடையில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, பக்கத்தில் எந்தத் திறந்த கிணற்றிலாவது சித்திரையில் தண்ணீர் இருக்கிறதா, ஊர்க் கண்மாய்க்கு வரத்து வாய்க்கால் திறந்திருக்கிறதா, கடைசியாக எந்த வருடம் அது நிறைந்து கலிங்கு (மிகை நீர் வெளியேறும் வழி) வழிந்தது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். அந்த வட்டாரத்தில் கஜாவுக்குப் பிறகு இளைஞர்கள் கைக்காசு போட்டுக் குளங்களைத் தூர்வாரினார்கள். அப்படித் தூர்வாரிய குளம் உள்ள ஊராகப் பார்த்துத் தேடுங்கள். அது தண்ணீருக்கு மட்டும் இல்லை. நாளைக்கு உங்கள் கூரை பறந்தால் ஏணியோடு வரப்போகிறவர்கள் யார் என்பதும் அதில் தெரிந்துவிடும். யாரையும் எதிர்பார்க்காமல் வாழ வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். கிராமத்தில் அது நடக்காது சகோதரி, நடக்கவும் வேண்டாம்.

குடிநீருக்கு வானத்தை நம்பலாம். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 400 மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஏறக்குறைய 37,000 லிட்டர். முதல் மழையைக் கழுவ விட்டு, சிந்தியது போகக் கணக்கிட்டாலும் 30,000 லிட்டர் நிற்கும். ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லிட்டர் என்றால் வருடத்துக்கு 9,000 லிட்டர் சொச்சம்தான். வீடு கட்டும்போதே 10,000 லிட்டர் தரைத்தொட்டி ஒன்றை, வெளிச்சம் புகாமல் மூடி, கையால் மொண்டு எடுக்கும்படி வாய் வைத்துக் கட்டுங்கள். இதற்கு ஆகும் செலவை ஆடம்பரம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

சோற்றுக் கணக்கு சுலபம். உங்கள் வீட்டுக்கு நாளுக்கு ஒன்றரைக் கிலோ அரிசி என்றால் வருடத்துக்கு 550 கிலோ, நெல்லாக 850 கிலோ அளவு. அது ஒரு ஏக்கர் நஞ்சையில் ஒரு போகத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் நீங்கள் பார்த்திருப்பது தோப்பு. தென்னை மட்டும் வைத்திருந்தவர்கள்தான் கஜாவில் ஒரே இரவில் எல்லாவற்றையும் இழந்தார்கள். நெட்டை ரகம் புதிதாக வைத்தால் காய்க்க ஆறேழு வருடம் ஆகும். ஒரு ஏக்கரையாவது தானியத்துக்கும் நிலக்கடலைக்கும் ஒதுக்குங்கள், வீட்டோரம் முருங்கையும் மரவள்ளியும் இருக்கட்டும். முருங்கை முறிந்தாலும் போத்து (கிளைத்துண்டு) நட்டால் தழைத்துவிடும்.

பத்திர விஷயத்தில் பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று இரண்டோடு நில்லாமல், அ-பதிவேட்டையும் (ஊர் நிலங்களின் வருவாய்ப் பதிவேடு) புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) பாருங்கள். வாய்க்கால் புறம்போக்கில் நிலம் ஏறியிருந்தால் அங்கேயே தெரியும். கீரமங்கலம் அடங்கிய திருவரங்குளம் ஒன்றியம் 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் வருகிறது. பக்கத்து நெடுவாசல் 2017-இல் ஹைட்ரோகார்பன் (எண்ணெய், எரிவாயு) திட்டத்தை எதிர்த்துப் போராடியது நினைவிருக்கும். அப்படிப்பட்ட புதிய திட்டங்களை அந்தச் சட்டம் தடுப்பதால், அந்தக் கவலை இப்போது குறைவு.

மாமியாரை மறந்துவிடாதீர்கள். நடுராத்திரியில் நெஞ்சுவலி என்றால் எந்த மருத்துவமனை, மழையில் அந்தச் சாலை எங்கே முழுகும், பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து எங்கே இருக்கிறது என்று வண்டியில் ஒரு முறை போய்ப் பார்த்து, ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். புயலைவிடப் பாம்பும் நெஞ்சுவலியும்தான் அடிக்கடி வரும்.

மாவட்டம் ஏற்றதா என்று கேட்டீர்கள். புதுக்கோட்டை ஏற்ற மாவட்டம்தான், நல்ல செம்மண், உழைக்கத் தயங்காத மனிதர்கள். ஆனால் மாவட்டத்தைப் பார்த்து நிலம் வாங்க முடியாது. பத்துக் கிலோமீட்டருக்குள் தண்ணீர் நிற்கும் ஆழம் மாறிவிடும். முன்பணம் கொடுக்கும் முன் சித்திரையில் ஒரு வாரம், ஐப்பசி அடைமழையில் ஒரு வாரம் அந்த ஊரில் வாடகைக்குத் தங்குங்கள். அதில் இரண்டு நாள் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஐந்து பேருக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பிள்ளைகளையும் குடம் தூக்கச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு எனக்கு மறுபடியும் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.